உச்சி வெயில் இங்கே ஒன்றேகால் மணிக்கு

தங்கச்சி, கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். கல்யாணமாகித் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்து மூன்று மாதம். அதற்குள் முகமும் கையும் கருத்துவிட்டன. மாமியார் வீட்டில் ஆளுக்கொரு களிம்பு சொல்கிறார்கள். இதற்கு நடுவே ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து விடுமுறைக்கு வந்த உன் நாத்தனார், வேண்டுமென்றே நடுமத்தியானத்தில் பின்வாசலில் பாய் விரித்துப் படுத்து வெயில் காய்கிறாள். 'டேன், அதாவது வெயிலில் ஏறும் கருப்பு, வந்தால்தான் ஆரோக்கியம், வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள், உனக்கு இலவசமாகக் கிடைக்கிறது' என்கிறாள். இதில் எது சரி, நம் தோலுக்கும் சன்ஸ்கிரீன் வேண்டுமா என்று கேட்கிறாய்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நிறம் ஏற்றுவதற்காக வெயிலில் படுப்பதில் ஒரு லாபமும் இல்லை, யாருக்குமே இல்லை. நீ கருத்துப் போனதற்காகக் கவலைப்படவும் வேண்டாம். ஆனால் அந்தக் கவலையில் போய் வெளுக்கும் களிம்பை வாங்கினாய் என்றால், அதுதான் மூன்றிலும் மோசம். நான் அதை வாங்கியவள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நான் புதுக்கோட்டைப் பக்கம். 1997ல் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். அப்போது இதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. பெயர் மாற்றி இத்தனை வருடமாகியும் எங்கள் வீட்டில் அந்தப் பெயர்தான் புழங்குகிறது. வந்த புதிதில் நானும் உன்னைப் போலத்தான் குழம்பினேன். 'நம்ம ஊர் சித்திரை வெயிலையே பார்த்தவள், இங்கே வாரத்தில் நாலு நாள் மழை பெய்கிறது, இது என்ன செய்துவிடும்' என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன். நம் ஊர் வெயில் சுடும், சுட்டால் ஆள் நிழலுக்குப் போய்விடுவோம். இங்கே மேகம் மூடி, காற்று ஈரமாகி, வெயில் இருப்பதே தெரியாது. ஆனால் தோலைக் கருக்குவது சூடு இல்லை, புற ஊதாக் கதிர். மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை அப்படியே கீழே விட்டுவிடும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரி மேலே. உன் கைப்பேசியின் வானிலைப் பக்கத்தில் யுவி என்று ஓர் எண் வரும், அந்தக் கதிரின் அளவு அது. மூன்றைத் தாண்டினாலே மூடிக்கொள் என்கிறார்கள். இங்கே வெயில் நாளில் மத்தியானம் அது பதினொன்றைத் தொடுவது சாதாரணம்.

இன்னொன்று யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த நாட்டுக் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. 1982 தொடக்கத்தில் நாம் இருக்கும் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, கடலுக்கு அப்பால் கிழக்கே இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்கினார்கள். அதனால் நம் ஊரில் பன்னிரண்டு பன்னிரண்டேகாலுக்கு வரும் உச்சி, இங்கே ஒன்றேகால் வாக்கில் வரும். 'மூன்று மணி ஆகிவிட்டதே, வெயில் இறங்கியிருக்கும்' என்று கடைக்குக் கிளம்பினாய் என்றால், ஊர்க் கணக்குக்கு அது இரண்டு மணி வெயில். நான் முதல் ஒரு வருடம் இந்தக் கணக்கு தெரியாமல்தான் மூன்று மணிக்குத் துணி எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். கடிகாரம் பார்க்காதே, நிழலைப் பார். உன் நிழல் உன்னைவிடக் குட்டையாக இருந்தால் உள்ளே போய்விடு.

இனி உன் நாத்தனார் விஷயம். வெயில் பட்டுத் தோல் கருப்பதை ஆரோக்கியம் என்று அவள் நினைக்கிறாள். நடப்பது வேறு. கதிர் உள்ளே போய்த் தோலின் செல்களில் இருக்கும் டிஎன்ஏவைக் கிழிக்கிறது. அடிபட்ட பிறகுதான் உடம்பு விழித்துக்கொண்டு, இனிமேலாவது காப்பாற்றுவோம் என்று மெலனின் என்ற நிறமியைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால்தான் இன்று காய்ந்தால் நிறம் நன்றாக ஏற இரண்டு மூன்று நாள் ஆகும். களவு போன வீட்டில் மறுநாள் பூட்டுப் போடுகிற கதை. அந்தப் பூட்டும் பெரிய பூட்டு இல்லை. காய்ந்து ஏறிய நிறம் தரும் காப்பு, சன்ஸ்கிரீன் எண்ணில் சொன்னால் மூன்று நான்குதான். செல்கள் எல்லாக் கிழிசலையும் தைத்துவிடுவதில்லை. தைக்காமல் விட்டது வருடக்கணக்கில் சேர்ந்து சுருக்கமாக, திட்டாக, சிலருக்குப் புற்றாக வெளியே வரும்.

வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். வெயில் இல்லாத ஊரில் அதற்கென்றே புற ஊதா விளக்குப் படுக்கை வைத்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009ல் அந்தப் படுக்கையை, புகையிலையை வைத்திருக்கிற அதே முதல் பிரிவில், புற்றை உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில், சேர்த்தது. அதே ஆண்டு பிரேசில் தடை செய்தது. நாத்தனார் இருக்கும் பெர்த்திலேயே 2016 முதல் கடை வைத்து அதை நடத்த முடியாது. அவள் ஊரே விட்டுவிட்டதை இங்கே வந்து நம் வாசலில் பாய் போட்டுச் செய்கிறாள். இதை நீ அவளிடம் சொல்ல வேண்டாம், புது மருமகள். உன் வீட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொல்.

சரி, 'நாம் கருப்பு, நமக்கு ஒன்றும் ஆகாது' என்கிறார்களே, அது? பாதி உண்மை. நல்ல கருந்தோலின் மேலடுக்குக்கு இயல்பாகவே பதின்மூன்று அளவுக்குக் காப்பு உண்டு என்றும், வெள்ளைத் தோலுக்கு மூன்று சொச்சம்தான் என்றும் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நம் மாநிறம் இரண்டுக்கும் நடுவில். அதனால் தோல் புற்று நம்மவர்களுக்கு மிகக் குறைவு. ஆனால் வந்தால் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள், ஏனென்றால் யாரும் தேடுவதில்லை. கருந்தோல்காரர்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வரும். அந்த வகைக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. பாடகர் பாப் மார்லி 1981ல், 36 வயதில், கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமா என்ற தோல் புற்றால்தான் இறந்தார். அதனால் பயப்படச் சொல்லவில்லை. குளிக்கும்போது உள்ளங்காலை ஒரு தடவை பார். நகத்தில் புதிதாகக் கருங்கோடு வந்து அகலமானாலோ, மச்சம் வளர்ந்தாலோ டாக்டரிடம் காட்டு. அவ்வளவுதான்.

நமக்குப் புற்றைவிடப் பெரிய தொல்லை மங்கு. கன்னத்திலும் மூக்கின் மேலும் பழுப்பாகப் படருமே, அது. எனக்கு மூத்தவன் வயிற்றில் இருந்தபோது வந்தது. அழுதுகொண்டே மாமியாரிடம், 'அத்தே, முகத்தில் மங்கு வந்துவிட்டது' என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. இங்கே தோட்டத்தில் மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டுகிற கோப்பை. 'முகத்துல எப்படிம்மா மங்கு?' என்று அவர் கேட்டதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம்.

சிரிப்பு இப்போது. அப்போது சிரிக்கவில்லை. வாரச் சந்தையில், இங்கே பாசார் மாலாம் என்பார்கள், ஒரு கடையில் பதினைந்து வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, ஒரு டப்பா வாங்கினேன். தங்க நிற மூடி, உள்ளே மஞ்சள் களிம்பு. டப்பாவின் மேல் ஒரு பெண்ணின் படம் இருந்தது. யார் செய்தது, எதில் செய்தது என்று ஓர் எழுத்து இல்லை. பூசினால் லேசாகச் சுறுசுறுவென்று இருக்கும், அது வேலை செய்கிறது என்று கடைக்காரி சொன்னாள். மூன்றே வாரத்தில் முகம் உரித்த முட்டை மாதிரி ஆனது. கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன பூசுகிறாய் என்று கேட்டார்கள். நானும் பெருமையாக இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்தேன், அந்தப் பாவம் வேறு.

நாலாவது மாதம் ஊருக்குப் போனபோது டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டேன். ஐந்தாம் நாள் முகம் எரிய ஆரம்பித்தது. அடுப்படிக்குப் போனால் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல இருக்கும். கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது, தாடையெல்லாம் பரு. திரும்பி வந்து டாக்டரிடம் காட்டினேன். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார், முகர்ந்து பார்த்தார், மேசையோரம் தள்ளி வைத்தார். ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும், அதுதான் தோலை மெலிய வைத்திருக்கிறது, நிறுத்தினால் இப்படித்தான் திருப்பி அடிக்கும் என்றார். குணமாக எட்டு மாதம் ஆனது. மங்கு முன்னைவிடக் கருப்பாகத் திரும்பி வந்தது. மெலிந்த தோலில் வெயில் சுலபமாக இறங்குமே.

இப்படிப்பட்ட டப்பாக்களில் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன் என்ற வெளுப்பு மருந்து, பாதரசம் இவற்றைக் கண்டுபிடித்து இந்த நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அவ்வப்போது பெயர் போட்டு எச்சரிக்கிறது. பாதரசம் தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முறையாகப் பதிவு செய்த பொருளுக்கு NOT என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஓர் எண் உண்டு. அந்த அமைப்பின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். எண் இல்லை என்றால் அத்தை சொன்னாலும் பூசாதே.

அத்தை என்றதும் என் மாமியாரைச் சொல்ல வேண்டும். அவர் முப்பது வருடம் தோட்டத்தில் வேலை செய்தவர். முதலில் ரப்பர். பால் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும் என்பதால் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள், அதுவும் மரநிழலில். அப்புறம் ரப்பரை அழித்துச் செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கிற எண்ணெய்ப்பனை, நட்டார்கள். இந்த நாட்டிலேயே முதன்முதலில் வியாபாரத்துக்குச் செம்பனை நட்டது, 1917ல், நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை! கன்று ஆள் உயரம் தாண்டுகிற வரைக்கும் நிழல் என்று ஒன்று கிடையாது. அந்த வெட்டவெளியில் புல் வெட்டவும் உரம் போடவும் பெண்கள்தான் போனார்கள்.

அவர் கிளம்புவதை நான் பார்த்திருக்கிறேன். ரவிக்கைக்கு மேல் மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டு. இடுப்பில் கைலி. தலையில் துண்டைப் போட்டுக் காதையும் பிடரியையும் மூடி, அதன் மேல் தொப்பி. கைக்கு, விரல் நுனி வெட்டிய பழைய காலுறை. இன்று அவருக்கு எண்பதை நெருங்குகிறது. ஒரு நாள் ரத்த அழுத்தம் பார்க்கச் சட்டைக்கையை மேலே ஏற்றினேன். மேல்கை வழவழவென்று, என் கையைவிட இளசாக இருந்தது. விரல்கள் மட்டும், காலுறை மறைக்காத அந்த நுனிப் பகுதி மட்டும், சுருங்கித் திட்டுத் திட்டாகக் கருத்திருந்தன. ஒரே ஆள், ஒரே வயது. வயசு செய்தது எது, வெயில் செய்தது எது என்று எனக்குப் புரிய வேறு பாடம் தேவைப்படவில்லை.

அதனால் நீ முதலில் துணியைப் பார், அப்புறம் சன்ஸ்கிரீன். இங்கே மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து நீ சிரித்திருப்பாய். காற்றுக்கும் மழைக்கும் என்பார்கள், வெயிலுக்கும் அதுதான். நீயும் ஒன்று வாங்கிக்கொள். சன்ஸ்கிரீன் ஃபார்மசியில் வாங்கு, எஸ்பிஎஃப் என்ற காப்பு எண் முப்பது போதும், பக்கத்தில் பிஏ என்று கூட்டல் குறிகளோடு இருக்கிறதா பார், அது ஆழமாக இறங்கும் யுவிஏ கதிருக்கான காப்பு. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். நாம் பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறோம். இங்கே வியர்வையில் இரண்டு மணி நேரத்தில் போய்விடும், திரும்பப் பூச வேண்டும். மங்கு இருந்தால் லேசாக நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் நல்லது, அதிலிருக்கும் இரும்பு ஆக்சைடு சாதாரண வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும்.

வைட்டமின் டிக்கு வெயில் வேண்டாமா என்று நாத்தனார் அடுத்துக் கேட்பாள். வேண்டும். ஆனால் அதற்குக் கருக்கும் வரை காய வேண்டியதில்லை. ஓர் அளவுக்கு மேல் போனால், தோல் செய்ததை வெயிலே அழித்துவிடும். நீ துணி காயப் போடுகிற, கடைக்கு நடக்கிற நேரத்தில் கையில் படுவதே பெரும்பாலும் சரியாகிவிடும். உடம்பு அசதியாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை வாங்கிக்கொள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அம்மா கேட்பாரே என்று எழுதியிருந்தாய். கேட்கத்தான் செய்வார். என் அம்மா விமான நிலையத்திலேயே 'என்னடி இப்படிக் கருவாடா வந்திருக்க' என்றார். நம் ஊர் பியூட்டி பார்லரில் டேன் எடுக்கிறேன் என்று வெளுப்புப் பசை தடவுவார்கள், அதற்கு மட்டும் உட்காராதே. இப்போதிலிருந்து முழுக்கைச் சட்டை போட்டால், ஏறின கருப்பில் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதத்தில் தானாக இறங்கிவிடும். இறங்காமல் மிச்சமிருந்தால் அது உன் நிறம், அம்மாவே பெற்றது.