இரண்டு மில்லியன் டாலர் மேனி

கேள்வி: சிகாகோவில் வசிக்கும் என் மருமகன் பேஸ்பால் பித்தர், கப்ஸ் அணியின் ரசிகர். 2011-இல் டாம்பா பே ரேஸ் அணி, சச்சரவுக்குப் பேர்போன மேனி ராமிரெஸை 38 வயதில் ஒப்பந்தம் செய்தது சுத்த முட்டாள்தனம் என்று அடித்துச் சொல்கிறார். எங்கள் ஊர்ச் செவன்ஸ் (அணிக்கு எழுவர் ஆடும் கால்பந்து) குழுவிலும் இத்தகைய ஆட்டக்காரரைச் சேர்ப்பது பற்றித் தகராறு நடப்பதால் கேட்கிறேன்: அவர் சொல்வது சரிதானா?
— வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: மருமகனோடு ஒத்துப்போவது வீட்டுக்கு நல்லதுதான், ஆயினும் இந்த விஷயத்தில் என்னால் அவர் பக்கம் நிற்க இயலவில்லை.

ராமிரெஸ் மீதான புகார்கள் இட்டுக்கட்டியவை அல்ல. 2008-இல் பாஸ்டன் அணியில் இருந்தபோது, கேட்ட அளவுக்கு டிக்கெட் கிடைக்காத கோபத்தில், அணியின் பயண ஏற்பாடுகளைக் கவனித்துவந்த முதியவரைக் கீழே தள்ளினார். 2009-இல் தடைசெய்யப்பட்ட மருந்துக்காக 50 ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தார். ஆனால் கிரிக்கெட் சிக்ஸர் போன்ற ஹோம் ரன்கள் 555 அடித்த கை அது. சரிவு கண்ணுக்குத் தெரிந்த 2010-இலும், மட்டை பிடிக்க வந்த நூறு தடவையில் ஏறத்தாழ நாற்பத்தொரு தடவை அவர் அவுட் ஆகாமல் பேஸை, அதாவது ஓடி எட்டவேண்டிய முனையை, எட்டியிருக்கிறார். கார்ல் கிராஃபோர்ட், கார்லோஸ் பென்யா என்ற இரு முக்கிய ஆட்டக்காரர்களை ஒரே சமயத்தில் இழந்து நின்ற, கையிருப்பு குறைந்த ஓர் அணி அதைக் கண்டும் காணாமல் போயிருக்க முடியாது.

அவருக்கு ரேஸ் பேசிய தொகை ஓராண்டுக்கு 2 மில்லியன் டாலர். களத்தில் நிற்காமல் மட்டை மட்டும் பிடிக்கும் இடம்தான் அவருக்கு ஒதுக்கப்பட்டது; அந்த இடத்தையும் நிரப்பத்தக்க ஜானி டேமனை அதே வேளையில் சேர்த்துக்கொண்டார்கள். ராமிரெஸ் ஐந்தே ஆட்டங்களில், 17 வாய்ப்புகளில் ஒரே ஒரு ஹிட் அடித்துவிட்டு, இரண்டாவது முறை மருந்துச் சோதனையில் சிக்கி 100 ஆட்டத் தடையை எதிர்நோக்கியபோது ஓய்வை அறிவித்துவிட்டுப் போனார். உடனே டேமன் அந்த இடத்துக்கு நகர, டேமன் நின்ற இடது களம் சாம் ஃபுல்டுக்குக் கிடைத்தது. பாய்ந்து பாய்ந்து அவர் பிடித்த கேட்சுகளைப் பற்றியே அந்த ஏப்ரலில் பேச்சு. 91 வெற்றிகளோடு ரேஸ், பருவத்தின் கடைசி நாளில் அடுத்த சுற்றுக்குள் நுழைந்தது. ராமிரெஸ் ஏமாற்றினார் என்பது உண்மை. அணி கவிழவில்லை என்பதும் உண்மை.

உங்கள் மருமகனின் கப்ஸ் அணியோ, 2009 ஜனவரியில் மில்டன் பிராட்லியை மூன்றாண்டுக்கு 30 மில்லியன் டாலருக்கு எடுத்தது. முந்தைய ஆண்டு, பேஸ்பாலின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் பேஸை எட்டும் விகிதத்தில் முதலிடம் பிடித்தவர் அவர். ஆகவே ஆட்டத்தை எடைபோட்டதில் பிழையில்லை. அடிக்கடி காயப்படுபவர், சட்டெனக் கோபம் கொள்பவர் என்று ஊரறிந்த ஒருவருக்கு மூன்றாண்டு எழுதிக்கொடுத்ததுதான் பிழை. அந்தச் செப்டம்பரிலேயே, அணியைப் பற்றிப் பத்திரிகையிடம் குறை கூறியதற்காக மீதி ஆட்டங்களுக்கு அவரை இடைநீக்கம் செய்தார்கள். அவரைத் தள்ளிவிட, சியாட்டில் அணியில் தடுமாறிக்கொண்டிருந்த பந்துவீச்சாளர் கார்லோஸ் சில்வாவைப் பெரிய சம்பளத்தோடு ஏற்க வேண்டியதாயிற்று. மருமகனின் கோபம் ராமிரெஸ் மீதா, பிராட்லி மீதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

முதியவரைத் தள்ளிய கறையை மலிவான ஒப்பந்தம் கழுவிவிடாது. அப்படிப்பட்டவர் நம் சட்டையை அணியவே கூடாது என்று உங்கள் குழு முடிவெடுத்தால் அதை நான் மறுக்கமாட்டேன். சேர்ப்பதென்று முடிவானால், செவன்ஸில் வெளியாட்களுக்குப் பேசுவதுபோல் ஆட்டத்துக்கு இவ்வளவு என்றே பேசுங்கள். பருவம் முழுவதற்கும் முன்பணம் வேண்டாம். இடைவேளையில் அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போனால் யார் இறங்குவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவுசெய்து, அந்தப் பையனிடமும் சொல்லிவையுங்கள்.