பேஸ்போலில் ஓட்டம் எடுக்க வரிசையாக மிதிக்க வேண்டிய நான்கு தளங்களில் (base) ஒன்றை மிதிக்காமல் ஓடினால் ஓட்டம் செல்லுமா?

எதிரணி முறையிடாவிட்டால் செல்லும். ஓடுபவர் தளத்தை மிதிக்காததைக் கண்டாலும் நடுவர் வாய் திறக்க மாட்டார். அதைக் கவனிப்பது களத்தடுப்பாளர்களின் பொறுப்பு. அடுத்த பந்து வீசப்படுமுன், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தளத்தையோ ஓடியவரையோ தொட்டு முறையிட வேண்டும்.

கொழும்பு காலிமுகத்திடலில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களுக்கும் இது புரியும்: மட்டை விளிம்பில் உரசிய பந்தை விக்கெட் காப்பாளர் பிடித்தாலும், யாரும் கேட்காவிட்டால் நடுவர் விரலை உயர்த்துவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி இது, விழித்திருப்பவருக்கே பலன்.

முறையீடு வென்றால் எல்லா ஓட்டங்களும் அழியும் என்பது தவறான எண்ணம். மூவர் ஆட்டமிழந்தால் அணியின் முறை முடியும். இருவர் ஆட்டமிழந்து, முதல் தளத்தில் யாரும் இல்லாத நிலையில், இரண்டாம் தளத்திலிருந்து ஓடியவர் மூன்றாம் தளத்தைத் தவறவிட்டு மூன்றாமவராக ஆட்டமிழந்தால், அவருக்கு முன்னே ஓடி முடித்தவரின் ஓட்டம் நிற்கும். பந்தை அடித்தவரே முதல் தளத்தைத் தவறவிட்டோ, பின்னால் வருபவருக்கு இடம்விட்டு அடுத்த தளத்துக்கு ஓடியே ஆக வேண்டியவர் அந்தத் தளத்தைத் தவறவிட்டோ அப்படி ஆட்டமிழந்தால் எதுவுமே செல்லாது.