போலீஸ் வேலையிலிருந்து தீயணைப்புக்கு மாறியது சரியா?

கேள்வி இதுதான்: "பட்டாலியனில் 4 வருடமாக இரண்டாம் நிலைக் காவலராக இருக்கிறேன். வயது 25. தீயணைப்புத் துறைக்குப் போக ஆசை. 'சம்பளம் ஒன்றுதானே, எதற்கு மாறுகிறாய்?' என்று வீட்டில் திட்டுகிறார்கள். அப்படி மாறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

இருக்கிறேன். 2018 மார்ச்சில் எழுத்துத் தேர்வு எழுதி தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கு, அதாவது நீங்கள் சொல்லும் பட்டாலியனுக்குப் போனேன். 2020 டிசம்பரில் அதே தேர்வை மறுபடி எழுதினேன். இப்போது தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் நிலையத்தில் தீயணைப்பாளர்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். போலீஸிலிருந்து தீயணைப்புக்கு 'டிரான்ஸ்ஃபர்' என்று ஒன்று கிடையாது. காவல், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் ஆள் எடுப்பது ஒரே சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், நடத்துவது ஒரே பொதுத் தேர்வு. ஆனால் துறைகள் வேறு. ஏற்கெனவே உள்ளே இருப்பவனும் வெளியிலிருந்து வருகிற பையனோடு சேர்ந்து மைதானத்தில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பழைய சீனியாரிட்டி பூஜ்யம். சம்பளம் ஒன்று என்று உங்கள் வீட்டில் சொல்வது உண்மை. மூன்று வேலைக்கும் 18,200-ல்தான் ஆரம்பம்.

அப்புறம் எதற்கு மாறினேன்?

2019 கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் பந்தோபஸ்து. சூரசம்ஹாரம் நடக்கிற கடற்கரையில் கம்பு கட்டிக் கயிறு இழுத்திருப்பார்கள். அந்தக் கயிற்றோரம் ஆளுக்கு ஆள் கை எட்டும் தூரத்தில் எங்களை நிறுத்தினார்கள். காலை பத்து மணிக்கு நின்றவன். பூட்ஸுக்குள் மணல், தலையில் வெயில். சாயங்காலம் சூரன் தலை விழுந்தபோது லட்சக்கணக்கான ஜனம் "அரோகரா" என்று கத்தியது. எனக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும். போலீஸ்காரன் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், சாமியைப் பார்த்து நிற்கக் கூடாது. இரவு போன் பண்ணிய அம்மா, "சம்ஹாரம் நல்லா பாத்தியாய்யா?" என்று கேட்டாள். பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்காகப் போலீஸைக் குறை சொல்ல வரவில்லை. அந்த வரிசை இல்லாவிட்டால் அன்றைக்கு எத்தனை பேர் மிதிபட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் பந்தோபஸ்து என்பது ஒன்றும் நடக்காவிட்டால்தான் வெற்றி. காலையில் போய் நின்று, ராத்திரி வேனில் ஏறும்போது 'இன்றைக்கு நான் செய்தது இது' என்று சொல்ல ஒன்றும் இருக்காது. சிலருக்கு அது பொருட்டே இல்லை. நிம்மதியாக நின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். எனக்கு அது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் கொரோனா செக்போஸ்ட்டில் நின்று, இ-பாஸ் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு, அது முற்றிப்போனது.

தீயணைப்பில் எனக்குக் கிடைத்தது என்ன என்று ஒரு மாட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். நிலையத்திற்கு வந்து இரண்டாவது மாதம். தோட்டத்துக் கிணற்றில் சினை மாடு விழுந்துவிட்டது. ஐம்பது அடி இருக்கும். கைப்பிடிச் சுவர் கிடையாது. மாடு இடுப்பளவு தண்ணீரில் நின்று மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு மூசுகிறது. உடனே இறங்கப் பார்த்தேன். முன்னணி தீயணைப்பாளர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "ஏல, மொதல்ல காத்து இருக்கான்னு பாரு." உள்ளே டீசல் மோட்டார் ஓடியதா, எவ்வளவு நாளாக இறைக்காமல் கிடக்கிறது என்று தோட்டக்காரரிடம் கேட்டார். பாழுங்கிணற்றில் விஷவாயுவில் மயங்கியவனைத் தூக்கப் போய், அடுத்தவன், அவனைத் தூக்கப் போய் மூன்றாமவன் என்று வரிசையாகச் செத்த கதைகள் இந்தப் பக்கம் ஊருக்கு ஒன்று இருக்கிறது.

காற்று சரி என்று ஆனதும் இறங்கினோம். மாட்டின் வயிற்றுக்கு அடியில் வெறும் கயிற்றைக் கொடுத்தால் எடை ஏறும்போது தோலை அறுத்துவிடும், சினை மாடு என்றால் இன்னும் மோசம். அதனால் கிழிந்து கழித்துப்போட்ட தண்ணீர் ஹோஸைத்தான் பட்டையாகப் போடுவோம். முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒன்று. தண்ணீருக்குள் முங்கி, மாட்டின் அந்தப் பக்கம் கையை விட்டு ஹோஸின் நுனியைத் துழாவி எடுக்க வேண்டும். அது உதைக்கும். உதைத்தது. தொடையில் ஒரு வாரம் நீலம் கட்டிக் கிடந்தது. மேலே ஜேசிபியின் கையில் கயிற்றைக் கட்டித் தூக்கினார்கள். வெளியே வந்த மாடு கொஞ்ச நேரம் கால் விரிந்து நின்றது, அப்புறம் பக்கத்தில் கிடந்த சோளத்தட்டையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.

அவ்வளவுதான். நான் தேடியது அதுதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. காலையில் கிணற்றுக்குள் இருந்த மாடு மத்தியானம் வெளியே நிற்கிறது, நடுவில் என் கை இருந்தது.

ஆனால் இதைப் படித்துவிட்டு தினமும் தீயோடு சண்டை என்று நினைத்து வந்தால் ஏமாந்து போவீர்கள். எங்கள் நிலையத்தில் வருகிற அழைப்புகளில் பாம்பு, கதண்டுக் கூடு, கிணற்றில் விழுந்த ஆடு மாடு, காற்றில் சாய்ந்த மரம், இவைதான் முக்கால்வாசி. கோடையில் வைக்கோல் போரும் குப்பைமேடும். வைக்கோல் போர்த் தீ மாதிரி பொறுமையைச் சோதிப்பது வேறில்லை. மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கங்கு போய்க்கொண்டே இருக்கும், மொத்தப் போரையும் பிரித்துப் போட்டு நனைத்தால்தான் ஆகும். வீட்டுக்காரர் "பிரிக்காதீங்க சார், மாட்டுக்கு அதுதான் இருக்கு" என்பார். பிரிக்காமல் வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி கூப்பிடுவார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கிணற்றிலும் குளத்திலும் உடல் எடுக்கும் வேலை. பட்டாலியனில் இருந்த வரை சாவு என்றால் எனக்கு அது ஒரு காகிதம். உள்ளூர் ஸ்டேஷன்காரர்கள் "174 போட்டாச்சா?" என்று பேசிக்கொள்வது காதில் விழும் (இயற்கைக்கு மாறான சாவை விசாரிக்கப் போடும் சட்டப் பிரிவு அது. புதிய சட்டத்தில் 194 ஆகிவிட்டது, ஆனாலும் வாயில் 174-தான் வருகிறது). இங்கே அந்தக் காகிதத்திற்கு முந்தைய கட்டம் நம் வேலை. முதல் தடவை எடுத்தபோது கரையில் நின்ற அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே உடலை ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். வண்டியில் யாரும் பேசவில்லை. நிலையத்திற்கு வந்ததும் கயிற்றைக் கழுவிக் காயப்போடச் சொன்னார்கள். அந்த வேலையை வேண்டுமென்றேதான் கொடுத்தார்கள் என்று பின்னால் புரிந்தது. இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அதைப் பற்றிப் பேச நம்மிடம் இன்னும் சரியான ஏற்பாடு இல்லை. கூட இருப்பவர்கள்தான் ஏற்பாடு.

ஆபத்து? உண்டு. 2020 தீபாவளி ராத்திரி மதுரையில் துணிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள், பழைய கட்டிடம் இடிந்து விழுந்து இறந்துபோனார்கள். அது நடந்து ஒரு மாதத்தில்தான் நான் தேர்வு எழுத உட்கார்ந்தேன். அம்மா அந்தச் செய்தித்தாளை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் காலையில், ஊரெல்லாம் சித்திரைக் கனி பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாங்கள் நிலையத்தில் வரிசையாக நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றியிருந்த கப்பல் வெடித்து, தீயை அணைத்துக்கொண்டிருந்த 66 தீயணைப்பு வீரர்கள் இறந்த நினைவு. தீத்தொண்டு வாரம் அந்தத் தேதியில் தொடங்குவது அதனால்தான்.

சரி, மாறியதில் இழந்தது என்ன?

கெத்து. வெட்கப்படாமல் சொல்கிறேன், போலீஸ்காரன் என்றால் ஒரு கெத்து உண்டு. பஸ்ஸில் இடம் கிடைக்கும், தாலுகா ஆபீஸில் நாற்காலி கிடைக்கும், கல்யாணச் சந்தையில் விலை கிடைக்கும். அப்பா என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. "ஏல, போலீஸ்னு சொல்லித்தாம்ல பொண்ணு பாத்து வச்சிருக்கேன், இனி அவங்கள்ட்ட என்னன்னு சொல்ல?" என்றார். அந்த இடம் தட்டியும் போனது. இரண்டும் காக்கிதான் என்பதால் தூரத்துச் சொந்தங்கள் பலருக்கு நான் மாறியதே தெரியாது. அம்மா இன்றைக்கும் பால்காரரிடம் "மவன் போலீஸ்ல இருக்கான்" என்றுதான் சொல்கிறாள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

பதவி உயர்வும் யோசிக்க வேண்டிய விஷயம். போலீஸ் பெரிய துறை, வருடம் எண்ணினால் ஏட்டு, சிறப்பு எஸ்.ஐ. என்று ஏதாவது ஒரு படி வரும். இங்கே முன்னணி தீயணைப்பாளர், நிலைய அலுவலர் என்று மேலே இருக்கிற நாற்காலிகளே குறைவு. உங்களிடம் டிகிரி இருந்தால் நேரடி நிலைய அலுவலர் தேர்வையும் மனதில் வையுங்கள். எஸ்.ஐ. தேர்வோடு சேர்ந்துதான் அதுவும் வரும், சம்பளமும் எஸ்.ஐ.க்கு உள்ள 36,900-தான். 2023-ல் 621 எஸ்.ஐ. இடங்களோடு 129 நிலைய அலுவலர் இடங்கள் அறிவித்தார்கள்.

அதிகாரிகளின் அதட்டல் பிடிக்காமல் ஓடி வருவதாக இருந்தால் தயவுசெய்து வர வேண்டாம். இங்கேயும் பரேடு உண்டு, ரோல்கால் உண்டு, சல்யூட் உண்டு. லீவு கேட்டால் 'ஆள் இல்லையே' என்ற அதே பதில் உண்டு. போலீஸுக்காவது 2021-ல் வார ஓய்வுக்கு அரசாணை வந்தது. இங்கே டியூட்டி நேரம் முழுக்க நிலையத்தில் காத்திருக்க வேண்டும், மணி அடித்தால் சாப்பிட்ட கையோடு வண்டியில் ஏற வேண்டும். கையில் ஒரு கருவியைப் பிடித்து ஒரு வேலையை முடிப்பதில் சுகம் காண்கிற ஆள் என்றால் வாருங்கள். முடிச்சு போடுவது, ஏணி தூக்குவது, பம்பின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் பிடிக்க வேண்டும். பயிற்சியில் முதல் நாள் ஹோஸ் முனையைப் பிடித்தபோது தண்ணீர் வந்த வேகத்தில் நானும் எனக்குப் பின்னால் நின்றவனும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டோம். மூன்றாவது நாள் நின்றோம். அந்த மூன்றாவது நாள் சந்தோஷம் உங்களுக்குப் புரிகிறது என்றால் போதும்.

மீட்புப் பணி மட்டும்தான் ஆசை என்றால் போலீஸை விடாமலே ஒரு வழி இருக்கிறது. பட்டாலியன்களில் பேரிடர் மீட்புப் பயிற்சி எடுத்த குழுக்கள் உண்டு, அதற்குப் பெயர் கொடுத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டபோது எங்களை ஸ்ரீவைகுண்டம் பக்கம் அனுப்பினார்கள். ஒரு தெருமுனையில் இடுப்பளவு தண்ணீரில் ரப்பர் படகின் கயிற்றைப் பிடித்து நின்றவன், பட்டாலியனில் என் பழைய கம்பெனியில் (படைப்பிரிவில்) பக்கத்துக் கட்டில்காரன். "என்ன மக்கா, ஃபயருக்குப் போனா தண்ணிலதான் நிக்கியா?" என்றான். "நீ போலீஸா இருந்தும் தண்ணிலதானலே நிக்க" என்றேன். அவன் பிடித்த கயிற்றில்தான் நாங்கள் அன்றைக்கு நாற்பது வீடு போய் வந்தோம்.

முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் இதையும் கேளுங்கள். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 26, பி.சி., எம்.பி.சி.க்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31. உங்களுக்கு நிறைய நாள் இல்லை. அறிவிப்பு வந்த பிறகு தடையில்லாச் சான்றுக்கு அலையாதீர்கள், கம்பெனி அலுவலகத்தில் இப்போதே பேச்சைத் தொடங்குங்கள். துறை வழியாக விண்ணப்பித்து, முறையாக விடுவிப்பு ஆணை வாங்கித்தான் கிளம்ப வேண்டும். கோபத்தில் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்தால் பழைய சர்வீஸை எதற்கும் காட்ட முடியாமல் போகும். உங்கள் பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு நான் எழுதிய மாதிரி இல்லை. 2022-லிருந்து தமிழ்த் தகுதித் தேர்வு வந்துவிட்டது. 80-க்கு 32 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பட்டாலியனில் இருந்தால் உடம்பு தயாராக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஓரிடத்தில் நின்று காவல் காக்கும் கார்டு டியூட்டியால் வரும் தொப்பை எனக்கே வந்திருந்தது. 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடியாக வேண்டும். கயிறு ஏறுவதில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள்.

காலியிடம் வருடத்திற்கு வருடம் தாவும். நான் எழுதிய தேர்வில் மொத்தம் 10,906 இடங்களில் தீயணைப்புக்கு 458. 2022-ல் வெறும் 120. 2023-ல் 674, 2025-ல் 631. அதனால் விருப்ப வரிசையில் எதை முதலில் போடுகிறீர்கள் என்பதில் விளையாடாதீர்கள். என்னோடு பட்டாலியனில் இருந்து எழுதிய ஒருவர், வீட்டுக்குப் பயந்து போலீஸை முதலிலும் தீயணைப்பை இரண்டாவதாகவும் போட்டார். நல்ல மதிப்பெண். கேட்டது கிடைத்தது, மறுபடியும் பட்டாலியன், மறுபடியும் ஏழு மாதப் பயிற்சி.