ஆல்-இன்-ஒன் கணினி: பில் போடும் முன்பும் பெட்டியைப் பிரித்த பின்பும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேலூர். வீட்டில் மனைவியும் நானும் மட்டும்தான். மகனோடு வீடியோ கால், வங்கி வேலை, மின் கட்டணம், கொஞ்சம் தட்டச்சு, லீவுக்கு வரும் பேத்திக்குப் பாடம். இவ்வளவுதான் தேவை. 55,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். ‘டவர் எல்லாம் பழசு சார், ஆல்-இன்-ஒன் எடுங்க’ என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

பதில்: உங்கள் தேவைக்குத் தாராளமாக எடுக்கலாம் ஐயா. ஆனால் கடைக்காரர் சொல்லும் காரணம் சரியில்லை. டவர் என்பது மானிட்டரும் கணினிப் பெட்டியும் தனித்தனியாக இருப்பது; ஆல்-இன்-ஒன் என்பது கணினி முழுவதும் திரைக்குப் பின்னாலேயே அடங்கியது. டவர் வழக்கொழிந்துபோய் அதன் இடத்துக்கு வந்ததல்ல ஆல்-இன்-ஒன். திரைக்குப் பின்னால் இருப்பவை பெரும்பாலும் லேப்டாப்பின் பாகங்கள்தான்: மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் பிராசசர், லேப்டாப்பில் போடும் சின்ன வடிவ ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), வெளியே தனியாக ஓர் அடாப்டர். அதே பணத்துக்கு டவர் வாங்கினால் வேகம் கூடுதலாகக் கிடைக்கும். ஆல்-இன்-ஒன்னில் கிடைப்பது பெரிய திரை, அடைசல் இல்லாத மேசை, சத்தமில்லாத வேலை. கேமராவும் மைக்கும் ஸ்பீக்கரும் உள்ளேயே இருப்பதால் மகனோடு பேச எதையும் தேடிச் செருக வேண்டாம். உங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியம்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை ஒன்று உண்டு. டவரில் மானிட்டர் போனால் மானிட்டரை மட்டும் மாற்றலாம். இங்கே திரை போனால் கணினி முழுவதும் சர்வீஸ் சென்டருக்குப் போகும். வாரண்டி முடிந்திருந்தால் திரை மாற்றும் செலவைக் கேட்டுப் பலர் அந்தக் கணினியையே கைவிட்டுவிடுகிறார்கள். கணினிப் பகுதி செயலிழந்து திரை நன்றாக இருந்தாலும் பெரும்பாலான மாடல்களில் அதை மானிட்டராகப் பயன்படுத்த முடியாது. பின்பக்கம் இருக்கும் எச்டிஎம்ஐ துளை வழியாகப் படம் வெளியே போகுமே தவிர உள்ளே வராது. படம் உள்ளே வரும் துளையும் சில மாடல்களில் இருக்கிறது. ‘எச்டிஎம்ஐ இன் இருக்கிறதா’ என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அந்த மாடலுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

அதனால் டவர் வாங்குபவர் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடும் விஷயங்களை நீங்கள் பில் போடும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். ரேம் 16 ஜிபி இருக்கட்டும். 8 ஜிபிதான் பட்ஜெட்டுக்குள் வருகிறது என்றால், காலியாக இன்னொரு ரேம் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாமல், கம்பெனி இணையதளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரேமைப் பலகையிலேயே பற்றவைத்த மாடல்களில் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஆப்பிளின் 24 அங்குல ஐமேக் அப்படிப்பட்டதுதான், ஆர்டர் போடும் அன்று எடுத்த ரேமே கடைசிவரை. சேமிப்புக்கு 512 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) போதும். ‘1 டிபி’ என்ற பெரிய எண்ணைக் காட்டி ஹார்ட் டிஸ்க் மட்டுமே உள்ள பழைய ஸ்டாக்கைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆன் ஆவதற்கே காத்துக் கிடக்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலும் ஓராண்டு வாரண்டிதான் தருவார்கள். காசு கட்டி அதை மூன்றாண்டாக நீட்டிக்கும் திட்டத்தை நான் எல்லாப் பொருளுக்கும் சொல்வதில்லை. ஆல்-இன்-ஒன்னுக்குச் சொல்கிறேன், அதுவும் வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் ‘ஆன்சைட்’ திட்டமாக இருந்தால். திட்டம் கணினி தயாரித்த கம்பெனியுடையதா, கடையுடையதா என்று பாருங்கள். கம்பெனியுடையதாக இருக்கட்டும்.

திரை அளவு 24 அங்குலத்தை ஒட்டி இருந்தால் போதும். 27 அங்குலத்தில் வெறும் ஃபுல் எச்டி என்றால் எழுத்து சற்றே மொத்தையாகத் தெரியும். பல மாடல்களில் ஸ்டாண்டை முன்பின் சாய்க்கலாம், உயர்த்த முடியாது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பது பொது விதி. ஆனால் நீங்கள் பைஃபோகல் கண்ணாடி அணிபவரானால் இன்னும் தாழ்வாக இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்க நாள் முழுக்கத் தலையை அண்ணாந்து வைத்திருப்பீர்கள், கழுத்து வலிக்கும். கடையில் நின்றபடி பார்க்காதீர்கள். நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து பாருங்கள். நாலைந்து வருடம் பார்க்கப்போகும் திரைக்காக ஒரு நாற்காலி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: நாகர்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறோம். இடம் குறைவு என்பதால் ஆல்-இன்-ஒன் போடலாம் என்று தம்பி சொல்கிறான்.

பதில்: கடைக்கு வேண்டாம். ஒரு நாள் திரை போனால் உங்கள் வருமானமே நின்றுவிடும். இடம்தான் பிரச்சினை என்றால் மானிட்டரின் முதுகில் மாட்டிக்கொள்ளும் மினி பிசி பாருங்கள். இடமும் அடையாது, எது பழுதானாலும் அதை மட்டும் மாற்றலாம்.

கேள்வி: திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். ஆன்லைனில் வாங்கிய ஆல்-இன்-ஒன் நேற்று வந்தது. கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. ஆன் செய்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கிறது, தாண்டிப் போக வழியில்லை. தெருமுனையில் இருக்கும் கணினிக் கடைப் பையனைக் கூப்பிட்டால் 500 ரூபாய்க்குச் செய்து தருகிறேன் என்கிறான். கூப்பிடட்டுமா?

பதில்: முதலில் மவுஸைத் திருப்பி பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள் அம்மா. நகம் அளவுக்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள் பெரும்பாலும் அங்கேதான் செருகி வைக்கப்பட்டிருக்கும். அதை எடுத்துக் கணினியின் பின்பக்கம் செருகுங்கள். சேர்த்தே விற்கும் ஜோடியில் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஒரே டாங்கிள்தான். பேட்டரி சுற்றிய பிளாஸ்டிக் தாளை உருவிவிட்டீர்களா, அடியில் உள்ள சின்ன சுவிட்ச் ‘ஆன்’ பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி கணக்கு. இதைத்தான் நான் இந்த வாரம் எல்லோருக்கும் உரக்கச் சொல்ல விரும்புகிறேன். தயவுசெய்து உங்கள் சொந்த மெயில் முகவரி, உங்கள் சொந்த போன் நம்பர் கொண்டு, உங்கள் கையாலேயே அந்தக் கணக்கைத் தொடங்குங்கள். வீட்டுக்கு வந்து செட்டப் செய்து தருபவர்களில் பலர் அவசரத்தில் தங்கள் மெயிலையோ கடையின் மெயிலையோ போட்டு முடித்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, வேலை சீக்கிரம் முடியும் என்பதுதான் காரணம். பாதிப்பு உங்களுக்கு.

விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததும் உள்ளிருக்கும் கோப்புகள் எல்லாம் பெரும்பாலும் தானாகவே பூட்டப்படும். திருடன் எஸ்எஸ்டியைக் கழற்றிக்கொண்டு போனாலும் படிக்க முடியாதபடி செய்யும் நல்ல ஏற்பாடு அது. அந்தப் பூட்டைத் திறக்க 48 இலக்க எண் ஒன்று இருக்கிறது. சாதாரண நாட்களில் கேட்காது. மதர்போர்டு மாற்றினாலோ, சில நேரம் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனாலோ, திடீரென்று நீலத்திரையில் கேட்கும். அந்த எண் எந்தக் கணக்கில் நுழைந்தீர்களோ அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். அது கடைப் பையனின் கணக்காக இருந்து, அவர் வேலையை விட்டுப் போய்விட்டால், உங்கள் பேரனின் முதல் பிறந்தநாள் படங்களை மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது. கணினியோடு சேர்த்துக் கொடுத்த ஆஃபீஸ் மென்பொருளும் அப்படித்தான். முதலில் ஆக்டிவேட் செய்த கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். அதை விண்டோஸ் முதன்முதல் இயங்கத் தொடங்கியதிலிருந்து 6 மாதத்துக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும் என்ற கெடுவும் உண்டு, ‘அப்புறம்’ என்று விடாதீர்கள்.

எனவே பையனைக் கூப்பிடுவதில் தவறில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மெயிலும் பாஸ்வேர்டும் கேட்கும் இடத்தில் கீபோர்டை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் ‘டிவைசஸ்’ பகுதிக்குப் போய் அந்த 48 இலக்க எண்ணைப் பார்த்து, பில் வைத்திருக்கும் ஃபைலிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏற்கெனவே செட்டப் செய்து தந்தவரின் மெயிலில் கணக்குத் தொடங்கிவிட்ட வாசகர்கள், கோப்புகள் அதிகம் சேரும் முன்பே ‘ரீசெட் திஸ் பிசி’ கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சொந்தக் கணக்கில் புதிதாகத் தொடங்குவதே சுத்தம்.

பெட்டியை ஒரு மாதமாவது தூக்கிப் போடாதீர்கள். கணினியைப் பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சூடான காற்று பின்னாலும் மேலாலும்தான் வெளியேறும்; மேலே பூவேலைத் துணி போட்டு மூடுவது கணினி அணைந்திருக்கும்போது மட்டும்.

கேள்வி: தஞ்சாவூர். எங்கள் தெருவில் கரன்ட் அடிக்கடி போய் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆல்-இன்-ஒன்னுக்குத் தனியாக யூபிஎஸ் வேண்டுமா? கணினியின் பின்பக்கத்தைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது, இது ஆபத்தா?

பதில்: இரண்டாவதை முதலில் பார்ப்போம். பிளக் பாயிண்ட்டில் எர்த் வரவில்லை என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். நேராகவே மாட்டியும் சுர்ரென்றால் எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தைச் சோதியுங்கள். கணினிக்காக மட்டுமல்ல, அதே வயரிங்கில்தான் உங்கள் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஓடுகின்றன.

யூபிஎஸ் விஷயத்துக்கு வருவோம். திரையும் கணினியும் ஒன்றாக இருப்பதால் இதுவும் லேப்டாப் மாதிரி பேட்டரியில் தாக்குப்பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே பேட்டரி கிடையாது. கரன்ட் போன நொடியில் அணைந்துவிடும். உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் (லைன் கரன்ட் போலவே சீரான மின்சாரம் தரும்) வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் பெரும்பாலும் அதில் ‘யூபிஎஸ் மோட்’ என்ற சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் மின்சாரம் மாறும் இடைவெளி மிகவும் குறைந்துவிடும், பெரும்பாலும் கணினி அணையாது. போட்டும் அணைகிறது என்றால் 600 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். ஆல்-இன்-ஒன் அடாப்டர்கள் பெரும்பாலும் 65 முதல் 150 வாட் வரைதான். கணினியையும் வைஃபை ரவுட்டரையும் அது சில நிமிடங்கள் தாங்கும், வேலையைச் சேமித்து நிறுத்த அவகாசம் கிடைக்கும். லேசர் பிரிண்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், சூடாகும்போது ஒரேயடியாக இழுக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் மின்தடை அறிவித்த நாளில் பயாஸ் அப்டேட் கேட்டால் மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். அது பாதியில் நின்றால் கணினி எழுந்திருக்காமலே போகலாம்.

கேள்வி: தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் வாங்க வேண்டுமா? (ஈரோடு)

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’ போய்த் தமிழைச் சேருங்கள். கீபோர்டு பட்டியலில் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு (ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக மாறுவது) இரண்டும் கிடைக்கும். விண்டோஸ் சாவியோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறும். புதிதாகப் பழகுபவருக்கு 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 தான் என் தேர்வு. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்திருப்பதால் கை சீக்கிரம் பழகிவிடும்.

கேள்வி: மதுரையில் ஒரு கடையில் வாங்கி 20 நாள்தான் ஆகிறது, திரையில் செங்குத்தாக ஒரு கோடு விழுந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். சர்வீஸ் சென்டரில் ‘பார்ட் வர வேண்டும்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பதில்: பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டம் மாறிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ‘பிடிக்கவில்லை’ என்று திருப்பிக் கொடுக்க இது உதவாது. திரையில் கோடு விழுந்தது குறைதான். உங்களுக்கு இன்னும் 10 நாள் இருக்கிறது. கோட்டைத் தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். கடைக்கும் கம்பெனிக்கும் சேர்த்தே மெயில் அனுப்புங்கள், போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் நகல் கேட்டு வாங்குங்கள். கணினியைக் கையில் வாங்கிக்கொண்டு சீட்டு தராமல் அனுப்பினால் அங்கேயே நில்லுங்கள்.

மெயிலுக்குப் பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கடையும் கம்பெனியும் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இணையம் வழியாகவும் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. ‘கம்பெனியைக் கேளுங்கள்’ என்று கடை கைகாட்டும், ‘கடையைக் கேளுங்கள்’ என்று கம்பெனி கைகாட்டும். இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கம்பெனிகள் கழித்துவிட்ட ஆல்-இன்-ஒன் 14,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம். கல்லூரி செல்லும் மகளுக்கு வாங்கலாமா? (திருப்பூர்)

பதில்: ஐ5 என்பது பாதித் தகவல்தான், எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். ஐ5-6500 என்றிருந்தால் ஆறாம் தலைமுறை, ஐ5-8400 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. இன்டெல்லில் எட்டுக்குக் கீழே பெரும்பாலும் எதையும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; பதிவு செய்தவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை நீள்கிறது. ஆறாம் தலைமுறையில் விண்டோஸ் 11 ஓடுவதாக விற்பவர் காட்டினால், அது தடையைத் தாண்டி ஏற்றியது. அதில் மகள் வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, எஸ்எஸ்டியோடு, ஜிஎஸ்டி பில்லும் எழுத்தில் ஆறு மாத வாரண்டியும் தந்தால் வாங்குங்கள். பில் தர மாட்டேன் என்றால் 14,000 அல்ல, 10,000-க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.