பால்கனியில் டிஷ்: எவ்வளவு சின்னது வரை போகலாம்?

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மாமனாருக்காக டிடி ஃப்ரீ டிஷ் (தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை) போட வேண்டும். மொட்டை மாடியில் டிஷ் வைக்கக் கூடாது, பால்கனிக்கு வெளியே எதுவும் நீட்டக் கூடாது என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார்கள். இருப்பது தெற்குப் பார்த்த பால்கனி ஒன்றுதான். பார்க்க வந்த டெக்னீஷியன் 90 செ.மீ. ‘எச்டி டிஷ்’ போட்டால்தான் எடுக்கும் என்கிறார். ஆன்லைனில் 35 செ.மீ. மினி டிஷ் விற்கிறார்கள். லண்டனில் அக்கா வீட்டு டிஷ் தாம்பாளம் அளவுதான் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: சாதாரணமாக இந்தக் கேள்விக்கு 60 செ.மீ. என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுவேன். கடையில் இரண்டடி டிஷ் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் 45 வரை இறங்கலாம், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். 35 வேண்டவே வேண்டாம்.

டிஷ் என்பது மழைத் தண்ணீர் பிடிக்க வைக்கும் அண்டா மாதிரி. வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு விழும். சிக்னல் பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, நம் வீட்டுக்கு வந்து சேரும்போது அது வெறும் தூறல்தான். அகலத்தை 60-லிருந்து 45-ஆகக் குறைத்தால் கால்பங்குதானே போகிறது என்று தோன்றும், ஆனால் பரப்பைக் கணக்குப் போட்டால் பிடிப்பில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். 35-க்கு வந்தால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. வெயில் நாளில் அதுவும் படம் காட்டும், விற்கிறவர் வீடியோவில் காட்டுவதும் அந்த வெயில் நாளைத்தான். பழைய ஆண்டெனா காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி புள்ளியாக வரும், கொஞ்சம் முன்கூட்டியே தெரியும். இப்போது அப்படி இல்லை. பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும் படம் கட்டம் கட்டமாக உடைந்து அடுத்த நொடி ‘நோ சிக்னல்’ என்று நிற்கும். ஐப்பசி மழையில் 60-ஏ திணறும், 35 மேகம் கூடினாலே படுத்துவிடும். இன்னொன்று, சின்ன டிஷ்ஷின் பார்வை அகலமானது. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது 93.5 டிகிரி கிழக்கில். பக்கத்திலேயே 95-ல் ஒன்று, 91.5-ல் ஒன்று. சின்ன டிஷ் அவற்றின் சத்தத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும்.

லண்டன் கதை வேறு. அங்கே செயற்கைக்கோளின் கற்றை அந்தத் தீவின் மேலேயே குவிந்து விழுகிறது, தென் இங்கிலாந்தில் 43 செ.மீ. போதும். நமக்கு அதே வெளிச்சத்தைக் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை பரப்ப வேண்டியிருக்கிறது. அவர்கள் மழை என்று சொல்வதையும் நாம் மழை என்று சொல்வதில்லை.

‘எச்டி டிஷ்’ பற்றி. அப்படி ஒரு பொருளே கிடையாது. டிஷ் என்பது வளைத்த தகரம். அதில் பட்டுத் திரும்புவது எச்டியா, கறுப்பு வெள்ளைப் படமா என்று அதற்குத் தெரியாது. எச்டி என்பது செட்டாப் பாக்ஸின் வேலை. 90 செ.மீ. டிஷ் 60-ஐப் போல இரண்டே கால் மடங்கு பிடிக்கும், நடுத்தர மழையில் உதவும், கொட்டுகிற மழையில் அதுவும் போகும். ஆனால் மூன்றாம் மாடியில் அது ஒரு பாய்மரம். வர்தா புயல் அன்று எங்கள் தெருவில் முதலில் கழன்று பறந்தவை இந்தப் பெரிய டிஷ்கள்தான், சுவரில் நாலு போல்ட் மட்டும் நின்றது.

சரி, உங்கள் பால்கனிக்கு வருவோம். சென்னையிலிருந்து ஜிசாட்-15 தென்கிழக்கில், 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது, அதாவது ஏறக்குறைய தலைக்கு மேலே. மேல் வீட்டு பால்கனித் தளம் மறைக்காதா என்பதுதான் உண்மையான கேள்வி. தெற்குப் பார்த்த பால்கனியில் ஒரு மீட்டர் மேலே போனால் சிக்னல் பாதை 28 செ.மீ. வெளிப்பக்கம் நகர்கிறது. தரைக்கும் மேல் தளத்துக்கும் 2.8 மீட்டர் என்று வையுங்கள். அப்படியானால் தரையில், விளிம்பிலிருந்து உள்ளே சுமார் 78 செ.மீ. வரை வானம் தெரியும். கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டர் உயரம் என்றால் அதை ஒட்டிய முதல் 28 செ.மீ. சுவரின் மறைவில் போய்விடும். நடுவில் மிஞ்சுவது அரை மீட்டர் பட்டை. டிஷ் அந்தப் பட்டைக்குள் அடங்க வேண்டும். 60 செ.மீ. டிஷ்ஷைக் கோணமாகத் திருப்பிச் சாய்த்து வைத்தால் மட்டுமட்டாக இருக்கும், ஓர் ஓரம் நிழலில் மாட்டும். 45 முழுதாக அடங்கும். பாதி மறைந்த 60-ஐ விட முழுதும் திறந்த 45 மேல், ஏனென்றால் மறைக்கிற கான்கிரீட் சிக்னலைத் தடுப்பதோடு தன் சூட்டையும் இரைச்சலாக டிஷ்ஷில் கொட்டும். நான் 45-க்குச் சம்மதிப்பது இந்த ஓர் இடத்தில்தான். மழைக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், மாமனாரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். கைப்பிடிச் சுவர் உயரத்துக்கே டிஷ்ஷைத் தூக்கி வைக்க முடிந்தால் 60-க்கே இடம் கிடைக்கிறதா என்று ஒருமுறை அளந்து பாருங்கள். நீங்கள் வெளியே பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் பக்கச் சுவர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், பாதை அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்து போகிறது. கிரில் கூரை வரை போகிறதென்றால் கம்பிகளும் கொஞ்சம் தின்னும்.

இந்தக் கணக்கெல்லாம் தலை சுற்றுகிறதா? மார்ச் 14, 15 வாக்கில் காலை பதினொன்றே கால் மணிக்குச் சூரியன் சரியாக இந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும். செப்டம்பர் கடைசியில் பதினொரு மணி போல. அந்த நேரத்தில் பால்கனியில் எங்கே முழு வெயில் விழுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள், டிஷ்ஷுக்கு இடம் அதுதான். மற்ற நாட்களில் போனில் சேட்டிலைட் காட்டும் ஆப் போதும். வடக்கு, மேற்குப் பார்த்த பால்கனிக்காரர்கள் மன்னிக்கவும், உங்களுக்கு மொட்டை மாடி தவிர வழியில்லை.

மாட்ட வருகிறவர் டிஷ் பார்க்கும் திசையைக் காட்டி ‘எதிர் பில்டிங் மறைக்குது’ என்பார். நம்பாதீர்கள். நம் வீட்டு டிஷ்களில் எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பி முனையில் நின்று சிக்னலை வாங்கும் தலை) நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும், அதனால் டிஷ் பார்ப்பது போலத் தெரிகிற திசையை விட 20, 25 டிகிரி மேலே இருந்துதான் பிடிக்கிறது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்கவும் வேண்டாம். காலி பெயிண்ட் டப்பாவில் ஒன்றரை அங்குலக் குழாயை நிமிர்த்தி வைத்துச் சிமென்ட் ஊற்றிவிட்டால் அதுவே ஸ்டாண்ட். குழாய் நூல் பிடித்தாற்போல் செங்குத்தாக நிற்க வேண்டும், அதில் சோம்பல் பட்டால் பிறகு திசை பிடிக்க அரை நாள் போகும். அளவையும் டேப் வைத்துப் பாருங்கள். இந்த டிஷ்கள் அகலத்தை விட உயரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், சில கடைக்காரர்கள் உயரத்தைச் சொல்லி விற்பார்கள். அகலத்தைக் கேளுங்கள்.

காசு கொடுக்கும் முன் டிவியில் சிக்னல் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ‘ஸ்ட்ரெங்த்’ பட்டை 90 காட்டுகிறது என்று பெருமையாகச் சொல்வார், எல்என்பிக்குக் கரண்ட் கிடைத்தாலே அது ஏறும். ‘குவாலிட்டி’ பட்டைதான் பேசும். ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதம் இவ்வளவு ‘ரீசார்ஜ்’ என்று யாராவது கேட்டால் கதவைச் சாத்துங்கள். பாக்ஸும் டிஷ்ஷும் ஒரு முறை வாங்குவதோடு செலவு முடிந்தது. 2004-ல் டிடி டைரக்ட் பிளஸ் என்று ஆரம்பித்த சேவை, இத்தனை வருடம் கழித்தும் மாட்டிக் கொடுக்க அவர்கள் பக்கத்திலிருந்து ஆள் வருவதில்லை, மக்களைக் கடைத்தெருவில் விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் இந்த ‘எச்டி டிஷ்’ ஆசாமிகள் பிழைக்கிறார்கள். அமெரிக்காவில் 1996-லேயே விதி போட்டு, அவரவர் பால்கனிக்குள் ஒரு மீட்டர் வரையிலான டிஷ்ஷை எந்தச் சங்கமும் தடுக்க முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். இங்கே அசோசியேஷன் செயலாளர் சொல்வதுதான் சட்டம்.

கடைசியாகக் கேபிள். ஆர்ஜி-6 கேபிள், நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக. பால்கனியிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சாண் கீழே தொங்கி மறுபடி மேலேறுகிற மாதிரி வளைவு விடச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், பாக்ஸின் பின்பக்கம் வராது.