மனைவியோடு முதுகுப்பை மாட்டிக்கொண்டு, குறைந்த செலவில் இத்தாலியின் பழைய நகரங்களைச் சுற்ற முடியுமா?

கேள்வியோடு இரண்டு விவரமும் கொடுத்திருக்கிறீர்கள். கையில் இருப்பது இரண்டு வாரம், மனைவி சைவம். ரோம், நேப்பிள்ஸ், பிளாரன்ஸ், பைசா, வெனிஸ், மிலன் என்று ஆறு ஊர் பட்டியலும் போட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். நானும் என் கணவரும் 2023 நவம்பரில் 13 இரவு அப்படித்தான் சுற்றிவிட்டு வந்தோம். அவரும் சைவம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடுங்கள். அங்கே காசைக் கரைப்பது ஊர் மாறுவதுதான். ஒவ்வொரு முறை மாறும்போதும் ரயில் டிக்கெட், பாழாகிற அரை நாள், புது இடத்தில் வழி தேடும் அலுப்பு, அந்த அலுப்பில் ஸ்டேஷன் எதிரிலேயே இருக்கிற விலை கூடிய கடையில் சாப்பாடு என்று கூடிக்கொண்டே போகும். நாங்கள் ரோமில் 5 இரவு, பிளாரன்ஸில் 3, போலோன்யாவில் 3, வெனிஸுக்காக அதை ஒட்டியிருக்கும் மெஸ்த்ரேயில் 2 என்று நாலே இடத்தில் தங்கினோம்.

விமானமும் விசாவும் போக, இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 120 யூரோவுக்குள் அடங்கியது. அன்றைய மதிப்பில் சுமார் 11,000 ரூபாய். நவம்பர் என்பதால்தான் இந்தக் கணக்கு. ஈஸ்டர் தொடங்கி அக்டோபர் வரை அறை வாடகை வேறு மாதிரி இருக்கும். நவம்பரில் மழை உண்டு, மாலை 5 மணிக்கே இருட்டிவிடும். எங்களுக்கு அது சம்மதமாக இருந்தது.

இத்தாலி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் இப்போது பெரியவருக்கு 90 யூரோ, கூடவே குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு. இவற்றில் குறைக்க வழியில்லை. தங்குமிட முன்பதிவைக் காட்டச் சொல்வார்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளையே புக் செய்யுங்கள்.

தங்குவதில் இருவராகப் போவது பெரிய லாபம். ஹாஸ்டலில் பொது அறையில் ஆளுக்கொரு படுக்கை வாங்கினால் ஆகும் தொகைக்கே, கொஞ்சம் தள்ளிப் போனால் பெரும்பாலும் தனி அறை கிடைத்துவிடுகிறது. ரோமில் நாங்கள் தங்கியது கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதி. இத்தாலி முழுக்க மடங்கள் இப்படி அறை வாடகைக்கு விடுகின்றன. 'காசா பெர் ஃபெரியே' என்று தேடுங்கள். நாங்கள் என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு ஒற்றைக் கட்டில், சுவரில் ஒரு சிலுவை, பளிச்சென்று துடைத்த தரை, காலையில் ரொட்டி, ஜாம், காப்பி. இரவு 11 மணிக்கு வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். முதல் நாள் மழையில் நனைந்து வந்த எங்கள் சாக்ஸைப் பார்த்த ஒரு வயதான சிஸ்டர், ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு கம்பி ஸ்டாண்டைத் தூக்கிவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இன்னொன்று: பல ஊர்களில் வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு இத்தனை என்று சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் மனைவி கவலைப்பட வேண்டாம். ரோமில் 'பீட்சா அல் தாலியோ' கடைகளில் பெரிய செவ்வகத் தட்டில் பீட்சா இருக்கும்; வேண்டிய அளவைக் கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டி, எடை போட்டுக் கொடுப்பார்கள். உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டதை என் கணவர் தினமும் சாப்பிட்டார். பிளாரன்ஸில் 'ரிபொல்லீத்தா' என்று மீந்த ரொட்டி, பீன்ஸ், கீரை எல்லாம் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய சூப். குளிருக்கு அதுபோல ஒன்று கிடையாது. 'சென்ட்சா கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம். ஆனால் அதோடு விட்டால் நெத்திலி வந்துவிடும். 'நே கார்னே, நே பெஷே', இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று முழுதாகச் சொல்லப் பழகட்டும். சூப்பில் இறைச்சிச் சாறு, அதாவது 'ப்ரோதோ', சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் விட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். கறாரான சைவம் என்றால் சீஸே இல்லாத 'மரினாரா' பீட்சா இருக்கிறது.

காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள். கவுண்டரில் நின்றால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். ரோம் தெருக்களில் 'நசோனே' என்ற இரும்புக் குழாய்த் தூண்கள் 2,000-க்கு மேல் இருக்கின்றன, நல்ல குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம்.

ரோமில் நாங்கள் பார்த்த மிகச் சிறந்தவை அநேகமாக இலவசம். சான் லூயிஜி தேய் பிரான்சேசி என்ற தேவாலயத்தில், இடப்பக்கம் கடைசிச் சிற்றறையில், கரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள் இருக்கின்றன. வரி வசூலிப்பவராக இருந்து இயேசுவின் சீடரான மத்தேயுவின் வாழ்க்கை. நுழையக் காசு கிடையாது, ஆனால் அறை இருட்டு. ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். நான் ஒரு நாணயம் போட்டேன். சட்டென்று அந்த வரி வசூலிப்பவர்களின் மேசை வெளிச்சத்துக்கு வந்தது. வலப்பக்கம் இருளில் இயேசுவின் கை நீண்டிருக்கிறது, அதே பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி இறங்குகிறது, தாடிக்காரர் 'என்னையா?' என்பதுபோல விரல் நீட்டுகிறார். ஓரத்தில் ஒருவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை, குனிந்து காசு எண்ணிக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்த்து முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. "என்னங்க, இன்னொரு காசு இருக்கா?" என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் எட்டி ஒரு நாணயத்தைப் போட்டார். ஏழெட்டுப் பேர் பேச்சு மூச்சில்லாமல் நின்று பார்த்தோம். சில்லறையை மாற்றி வைத்துக்கொண்டு போங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது. அன்று எல்லாரும் கொலோசியத்துக்குப் போவார்கள். நாங்கள் தெர்மினி ஸ்டேஷன் அருகில் இருக்கும் பலாட்சோ மாஸ்ஸிமோவுக்குப் போனோம். அங்கே ஒரு வெண்கலக் குத்துச்சண்டைக்காரன் உட்கார்ந்திருக்கிறான். மூக்கு உடைந்து, காது நசுங்கி, கையில் தோல்பட்டை சுற்றியபடி யாரையோ திரும்பிப் பார்க்கிறான். முகக் காயங்களில் ரத்தம் தெரிய வேண்டும் என்று செம்பைப் பதித்திருக்கிறார்கள். மாடியில் லிவியா அரசியின் வீட்டுச் சுவரோவியம்: நாலு பக்கமும் தோட்டம், மாதுளை, பறவைகள். இரண்டாயிரம் வருஷத்து நீலமும் பச்சையும். அந்த அறையில் அரை மணி நேரம் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம்.

ரயில் விஷயம் கவனமாகப் படியுங்கள். ஃப்ரெச்சாரோஸா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்கள் விமான டிக்கெட் மாதிரி. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். 'ரெஜியோனாலே' நம் பாசஞ்சர் வண்டி மாதிரி. விலை மாறாது, முன்பதிவும் வேண்டாம். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து நேரத்தைப் பதிக்க வேண்டும். நாங்கள் இரண்டு டிக்கெட்டையும் நுழைத்தோம். ஒன்றில் மை பதியவில்லை, அதைப் பார்க்காமலே ஓடிப்போய் ஏறிவிட்டோம். பரிசோதகர் அபராதம் எழுதிவிட்டார். அன்றைய இரவுச் சாப்பாட்டுக் காசு அதில் போனது. பதிந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இயந்திரம் வேலை செய்யாவிட்டால் பரிசோதகர் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே தேடிப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

ரோமிலிருந்து பிளாரன்ஸுக்கு அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரம். மெதுவான வண்டியில் கிட்டத்தட்ட நாலு மணி. நாங்கள் மெதுவான வண்டியைத்தான் எடுத்தோம், அதுவும் நடுவில் ஒர்வியேத்தோவில் இறங்குவதற்காகவே. ஆளுக்கு 7 கிலோ பை மட்டும் வைத்திருந்ததன் பலன் அங்கே தெரிந்தது. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கம்பி இழுக்கும் சின்ன ரயில் பாறை மேல் இருக்கும் ஊருக்கு ஏற்றிவிடும். கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாகக் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்று உண்டு. அதைவிட எனக்குப் பிடித்தது கிணறு. 1527-ல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது தப்பி இங்கே வந்த போப் ஏழாம் கிளெமென்ட், முற்றுகை வந்தாலும் தண்ணீர் வேண்டும் என்று வெட்டச் சொன்னது. 53 மீட்டர் ஆழம். இறங்க ஒரு சுழற்படி, ஏற இன்னொரு சுழற்படி, ஒவ்வொன்றும் 248 படி. ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி வருகின்றன, நடுவில் எங்கும் தொடுவதில்லை. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த ஏற்பாடு. என் கணவர் வேகமாக இறங்கி அடியைத் தொட்டு ஏறத் தொடங்கிவிட்டார். நான் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தேன். கிணற்றுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலில் திடீரென்று அவர் முகம். "இன்னும் எவ்வளவுங்க?" என்று கத்தினேன். "பாதிதான் வந்திருக்கே, மெதுவா வா!" என்ற பதில் சுவர் சுவராக மோதிக் கீழே போனது.

பிளாரன்ஸில் எங்களுக்குள் சண்டை வந்தது. தம்பதியாகப் போகிறவர்களுக்கு இதை மறைக்கக் கூடாது. அவருக்கு ஒவ்வொரு சிலையாக நின்று பார்க்க வேண்டும். எனக்கு நடக்க வேண்டும், ஊரை மேலிருந்து பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் மதியம், தெருவிலேயே குரல் உயர்ந்துவிட்டது. பிறகு இருவரும் ஒத்துக்கொண்டு, மாலை 6 மணிக்குப் பொந்தே வெக்கியோ பாலத்தில் சந்திப்பது என்று பிரிந்தோம். அவர் லோஜியா தேய் லான்சியில் உட்கார்ந்துகொண்டார். திறந்த மண்டபம், டிக்கெட் கிடையாது, சிற்பி செல்லினி வடித்த கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸ், அரக்கி மெதூசாவின் வெட்டிய தலையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும். நான் ஆற்றைக் கடந்து சான் மினியாத்தோ குன்றுக்கு ஏறினேன். ஆயிரம் ஆண்டுப் பழைய தேவாலயம், அதுவும் இலவசம். மாலையில் துறவிகள் கிரெகோரியன் என்ற பழைய தேவாலய இசையில் பிரார்த்தனை பாடுகிறார்கள். பாலத்தில் சந்தித்தபோது இருவருக்கும் சொல்ல அவ்வளவு இருந்தது. அதற்குப் பிறகு போன ஒவ்வொரு ஊரிலும் ஒரு மதியத்தைத் தனித்தனியாக வைத்துக்கொண்டோம். நீங்களும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஊரில் சாந்தா குரோச்சே தேவாலயத்தில் தாந்தேவுக்கு ஒரு பெரிய கல்லறை இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. 1302-ல் தன் ஊரால் நாடு கடத்தப்பட்ட கவிஞர் திரும்பி வரவே முடியாமல் 1321-ல் ரவென்னாவில் இறந்தார். பிளாரன்ஸ் பிறகு எலும்புகளைக் கேட்டது. ரவென்னாவின் துறவிகள் கொடுக்காமல் ஒளித்து வைத்துவிட்டார்கள். காலி கல்லறையைப் பார்த்த நாலாம் நாள், போலோன்யாவிலிருந்து பாசஞ்சர் வண்டியில் ஒன்றேகால் மணி நேரம் போய் ரவென்னாவில் அந்த உண்மையான கல்லறை முன் நின்றோம். ஒரு தெருக்கோடியில் சின்னக் கோயில் மாதிரி, கூரையில் ஒரு விளக்கு தொங்குகிறது. அந்த விளக்குக்கு எண்ணெய் வருஷா வருஷம் பிளாரன்ஸ் கொடுக்கிறது என்று படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ரவென்னாவின் மொசைக்குகளுக்கு மட்டும் டிக்கெட் உண்டு, ஒரே டிக்கெட்டில் பல இடம் பார்க்கலாம். ரோமானிய அரசி கல்லா பிளாசிதியாவின் பெயரில் இருக்கும் சின்ன மண்டபத்தில் அண்ணாந்தால் கருநீல வானம் முழுக்கத் தங்க நட்சத்திரம். பைசாவை விட்டுவிட்டு இங்கே வாருங்கள்.

போலோன்யாவைத் தங்குமிடமாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம் மழை. ஊர் முழுக்க நடைபாதைக்கு மேல் வளைவு மண்டபங்கள், மொத்தம் 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நாள் முழுக்க மழை கொட்டியும் நாங்கள் குடையை விரிக்கவில்லை. மலை மேல் இருக்கும் சான் லூக்கா கோயில் வரை 666 வளைவுகளின் கீழேயே நடந்து ஏறலாம். சாய்ந்த கரிசேந்தா கோபுரத்தை மட்டும் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். ஆபத்து என்று அந்த அக்டோபரில்தான் அடைத்திருந்தார்கள்.

வெனிஸில் படுக்காமல் மெஸ்த்ரேயில் படுங்கள். ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். 2024 முதல் சில நாட்களில் பகல் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான் என்பதால் அங்கே தங்குகிறவர்கள் கட்ட வேண்டாம், ஆன்லைனில் பதிந்துகொண்டால் போதும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் கொந்தோலா படகு வேண்டாம். பெரிய கால்வாயைக் கடக்க 'த்ராகெத்தோ' என்ற படகு இருக்கிறது, அதுவும் கொந்தோலா மாதிரிதான். நாங்கள் ஆளுக்கு 2 யூரோ கொடுத்தோம், இரண்டு நிமிடத்தில் அக்கரை. 'வபொரெத்தோ' என்ற பொதுப் போக்குவரத்துப் படகுக்கு 75 நிமிட டிக்கெட் அப்போது 9.50 யூரோ. அதனால் பகலெல்லாம் நடந்தோம். கடைசி இரவு மட்டும் அந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஸ்டேஷன் துறையில் 1-ஆம் எண் படகில், முன்னால் வெட்டவெளியில் இருந்த இருக்கைகளில் உட்கார்ந்தோம். மாளிகைகளின் ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் நீண்டு கிடந்தது. சில வீடுகளில் திரை விலகியிருந்ததால் கூரையின் ஓவியங்கள்கூடத் தெரிந்தன. அந்த ஒரு டிக்கெட்டுக்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். இரவு 9 மணிக்கு மேல் ஏறுங்கள், முன் இருக்கை காலியாக இருக்கும். காற்று ஊசி மாதிரி குத்தும், சால்வை ஆளுக்கொன்று வேண்டும். நாங்கள் ஒன்றைத்தான் கொண்டுபோயிருந்தோம், சான் மார்கோ துறை வரை அதையே இருவரும் போர்த்திக்கொண்டு போனோம்.