நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது

கேள்வி: ஐயா, இரண்டு மாதத்துக்கு முன்பு கடுமையான சளிக்காய்ச்சல் வந்து போனது. அன்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் சக்கையாக இருக்கிறது. நான் வைக்கிற மீன் கறியில் உப்பு, புளி, காரம் தெரிகிறது, ஆனால் மீன் கறி என்றே தெரியவில்லை. நாக்கு செத்துப்போய்விட்டதா?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இல்லை அம்மா, உப்பும் புளியும் தெரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, நாக்கு வேலை செய்கிறது. அடிபட்டது பெரும்பாலும் மூக்காக இருக்கும். இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, அப்புறம் கறிச்சாற்றிலும் காளானிலும் வருகிற உமாமி, நாக்குக்குத் தெரிந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். தாளித்த வெந்தயம், கறிவேப்பிலை, மீன் எல்லாம் மென்று விழுங்கும்போது தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிற மணம். அங்கே உச்சியில் மணத்தை உணர்கிற சுமார் 400 வகை வாங்கிகள் (receptors) அதைப் பிடிக்கின்றன, மூளை அதையும் நாக்கு சொன்னதையும் சேர்த்து "வாயில் ருசி" என்று ஒன்றாகக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் நாக்கின் மேல் பழி விழுகிறது.

வீட்டில் யாரையாவது மூக்கைப் பொத்திக்கொண்டு பினாங்கு சௌராஸ்தா சந்தையில் விற்கிற இனிப்பு ஜாதிக்காயை மெல்லச் சொல்லுங்கள். வெறும் சர்க்கரையும் புளிப்பும்தான் தெரியும். மெல்லும்போதே விரலை எடுத்தால், ஜாதிக்காய் சட்டென்று வந்து நிற்கும்.

காரம் மட்டும் எப்படித் தப்பியது? காரம் சுவையே இல்லை, சூடு. சுமார் 43 டிகிரி சூடு பட்டால் விழித்துக்கொள்கிற வாங்கியை மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் எழுப்பிவிடுகிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் இதைக் கண்டுபிடித்தார்கள், 2021-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தச் சேதி வேறு நரம்பு வழியாகப் போகிறது, சளி அதைத் தொடவில்லை.

மோப்ப நரம்புச் செல்கள் மறுபடி முளைக்கக்கூடியவை, அதனால் மனம் தளராதீர்கள். ஆனாலும் இரண்டு மாதம் ஆகிவிட்டது, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக இருபது விநாடி, அதன் பழைய வாசத்தை நினைத்துக்கொண்டே முகர்ந்து வாருங்கள். இந்தப் பயிற்சிக்கு மூன்று மாதமாவது பொறுமை வேண்டும்.

அதுவரை ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கேஸ் கசிந்தாலும், அடிப்பிடித்தாலும், தேங்காய்ப்பால் கெட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அடுப்பை அணைத்ததும் கேஸ் வால்வை மூடிவிடுங்கள், நேற்றைய கறியை வீட்டில் வேறொருவர் முகர்ந்து பார்த்த பிறகே சூடாக்குங்கள்.